ஓசையடங்கிய காற்று: மாத்தளை மாவட்டத்திற் குளிரூட்டற் கலையின் வரலாறு

முரசு கட்டிலென்று அறியாது அதன்மீது துயின்ற மோசிகீரனாருக்கு, அவர் துயிலெழும்வரை சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசி நின்றான் என்பது புறநானூற்றால் அறியப்படும் செய்தி. அரசனது தமிழ்ப்பற்றுக்கும் புலவர் பெற்றிருந்த மதிப்புக்கும் சான்றாக இச்செய்தி பலராலும் எடுத்தாளப்பட்டுள்ளது. காற்றை ஆளும் கலை பற்றிய குறிப்பாகவும் இதனைக் கொள்ளலாம். வீச்சு மிகுந்தால் ஓசை எழும், துயில் கலையும். வீச்சுக் குறைந்தால் வெம்மை தணியாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவை அறிந்து கையை இயக்குவதே வீசுவோனின் திறன். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, கூதிர்க்காலத்தில் விசிறிகள் பயன்படாது தொங்கவிடப்பட்டு அவற்றிற் சிலந்தி நூல் படர்ந்திருந்தமையைக் கூறும். காலத்திற்கும் தேவைக்கும் ஏற்ப விசிறியை இயக்குதலும் நிறுத்துதலும் பண்டைத் தமிழர் நன்கறிந்தவை என்பது இவற்றாற் பெறப்படும்.

இற்றை நாளிற் கணினியை அமைப்போர் எதிர்நோக்கும் சிக்கலும் இதனோடு ஒத்ததே. வேகமாகக் கணிக்கும் பொறி வெப்பத்தை உமிழ்கின்றது. வெப்பத்தை அகற்ற விசிறி வேண்டும். விசிறி சுழன்றால் இரைச்சல் எழுகின்றது. இச்சிக்கலைத் தீர்க்கும் பொருட்டே கணினிக்குள் நீரைச் செலுத்தும் முறை கையாளப்பட்டது. நீரையும் காற்றையும் இணைத்து வெப்பத்தை ஆளும் முயற்சி புதியதன்று. இலங்கையின் மத்திய மாகாணத்தைச் சேர்ந்த மாத்தளை மாவட்டத்தில் இரு வேறு காலங்களில், இரு வேறு நோக்கங்களுக்காக, அம்முயற்சி மேற்கொள்ளப்பட்டது. ஒன்று கி.பி. 5ஆம் நூற்றாண்டிற் சீகிரியாவின் நீர்ப்பூங்காவில் நிகழ்ந்தது. மற்றையது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளில் நிகழ்ந்தது. முன்னையதை அரண்மனையின் வரலாறாகவும் பின்னையதைப் பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் வரலாறாகவும் தனித்தனியே நோக்குவது வழக்கம். இரண்டையும் ஒருசேர வைத்து நோக்கின், காற்றையும் நீரையும் ஆளும் அறிவு எவ்வாறு வளர்ந்தது என்பதோடு, அவ்வறிவின் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதும் புலனாகும்.

நீரின் பொறுமை

நீரினாற் குளிரூட்டப்படும் கணினியின் இயல்பை முதற்கண் விளங்கிக்கொள்ளல் நன்று. பெருங்கணினிகளின் காலத்திலேயே இம்முறை வழக்கிலிருந்தது. 1980ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 3081 என்னும் கணினியின் உட்பகுதிகள் நீரினாலேயே குளிரூட்டப்பட்டன. மேசைமீது வைக்கும் சிறு கணினிகளிலும் இன்று அதே முறை கையாளப்படுகின்றது. முறைவழியாக்கியின்மீது பொருத்தப்பட்ட உலோகக் கட்டியினூடாக நீர் பாய்கின்றது. சிறு பம்பி அந்நீரைக் குழாய்வழியே மெல்லிய தகடுகளாலான வெப்பப் பரிமாற்றிக்குக் கொண்டுசெல்கின்றது. அங்கு விசிறி வீசும் காற்றினால் நீர் தன் வெப்பத்தை இழந்து மீள்கின்றது. ஆகவே நீர் வந்தபோதிலும் விசிறி மறைந்துவிடவில்லை. வெப்பத்தை ஈற்றில் ஏற்பது காற்றேயாகும்.

அவ்வாறாயின் நீரினால் விளைந்த நன்மை யாது? முறைவழியாக்கியின் வெப்பநிலை நொடிப்பொழுதில் ஏறி இறங்கும் இயல்பினது. அதனைப் பின்பற்றி விசிறியின் வேகத்தை மாற்றினால், விசிறி ஒருகணம் உறுமி மறுகணம் அடங்கி, மீண்டும் உறுமும். ஒரே சீரான ஓசையிலும் பார்க்க இவ்வாறு ஏறி இறங்கும் ஓசை செவிக்குப் பெரிதும் தொல்லையானது. நீரோ மெல்லச் சூடாகும் பண்புடையது. ஒரு இலீற்றர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 4,200 யூல் சக்தி வேண்டும். 200 வாற்று வெப்பத்தை உமிழும் பொறியொன்று அந்நீரை ஒரு பாகை சூடாக்க 20 செக்கனுக்கு மேற்செல்லும். எனவே விசிறியின் வேகத்தைப் பொறியின் வெப்பநிலையைக் கொண்டு தீர்மானியாது நீரின் வெப்பநிலையைக் கொண்டு தீர்மானித்தால், விசிறி பதற்றமின்றி மெல்ல ஏறி மெல்ல இறங்கும். கணத்தில் தோன்றி மறையும் வெப்பத்தை நீர் தன்னுள் வாங்கிக்கொள்ளும்.

வேகத்தைக் குறைக்கும் முறையிலும் நுட்பம் உண்டு. விசிறிக்கு வழங்கும் மின்னழுத்தத்தைக் குறைப்பது எளிய வழி; ஆயினும் ஓர் எல்லைக்குக் கீழே விசிறி நின்றுவிடும். மின்னைத் துடிப்புகளாக விட்டுவிட்டு வழங்குவது மற்றொரு வழி. அத்துடிப்புகள் குறைந்த மீடிறனில் அமையின் மோட்டாரிலிருந்து மெல்லிய முனகல் எழும். அதனாலேயே இன்றைய கணினி விசிறிகளுக்குரிய துடிப்பு செக்கனுக்கு 25,000 என வகுக்கப்பட்டுள்ளது. மனிதச் செவி உணரக்கூடிய உயர் எல்லை ஏறக்குறைய 20,000 ஆகும். துடிப்பு இருந்தும் அது கேட்பதில்லை.

வேகத்திற்கும் வலுவிற்கும் ஓசைக்கும் இடையிலான தொடர்பு எல்லா விசிறிக்கும் பொதுவானது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது செலுத்தும் காற்றும் பாதியாகும். அதற்குச் செலவாகும் வலுவோ எட்டில் ஒரு பங்காகும். எழும் ஓசையும் ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும். பரந்த மேற்பரப்பும் மெதுவான ஓட்டமும் கூடினால் அமைதியும் சிக்கனமும் ஒருங்கே கிட்டும் என்பதே இதன் சாரம். இதே உண்மை சீகிரியாவிலும் தேயிலைத் தொழிற்சாலையிலும் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை இனி நோக்கலாம்.

சீகிரியாவின் நீர்ப்பூங்கா

சீகிரியா மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில், தம்புள்ளைக்கு அண்மையில், உலர்வலயத்தில் அமைந்துள்ளது. தந்தையாகிய தாதுசேனனைக் கொன்று ஆட்சியைக் கைப்பற்றிய காசியப்பன் கி.பி. 477 தொடக்கம் 495 வரை இவ்விடத்தைத் தலைநகராகக் கொண்டிருந்தான். சூளவம்சம் இதனைக் குபேரனின் அளகாபுரிக்கு ஒப்பிடுகின்றது. 1831ஆம் ஆண்டிற் படையலுவலரான யொனதன் போர்ப்ஸ் இவ்விடத்தைக் கண்டு பின்னர் நூலிலும் எழுதினார். 1894இல் தொல்பொருள் ஆணையாளரான எச்.சி.பி. பெல் இங்கு ஆய்வுப் பணிகளைத் தொடங்கினார். ஆயினும் குன்றின் மேற்கே விரிந்துள்ள பூங்காக்களின் அமைப்பு முழுமையாக வெளிப்பட்டது 1980களிலே, யுனெஸ்கோவின் துணையுடன் நடைபெற்ற கலாசார முக்கோணத் திட்ட அகழ்வாய்வின்போதேயாகும். அவ்வாய்வை நெறிப்படுத்தியவர் பேராசிரியர் சேனக பண்டாரநாயக்க.

சுவரோவியங்களை நாடிச் செல்வோர் இப்பூங்காக்களை விரைந்து கடந்து விடுவதுண்டு. எனினும் பொறியியல் நோக்கில் ஓவியங்களுக்குச் சற்றும் குறையாத சிறப்பு இவற்றிற்கு உண்டு. முதலாவது பூங்காவில் நாற்புறமும் நீர் சூழ்ந்த நடுத்திட்டொன்றும், அதனை நாற்றிசையும் இணைக்கும் பாதைகளும் உள்ளன. அடுத்த பூங்காவில் நெளிந்து செல்லும் கால்களும் நீரூற்றுகளும் உள்ளன. நீரூற்றின் வாயில் துளையிடப்பட்ட வட்டமான சுண்ணாம்புக்கற் பலகை பொருத்தப்பட்டுள்ளது. நிலத்தடிக் கால்வழியே வரும் நீர் அத்துளைகளினூடாகப் பீறிடும். பம்பியோ சக்கரமோ இதில் இல்லை. நீர்மட்டங்களுக்கு இடையிலான உயர வேறுபாடே இவ்வூற்றை இயக்குகின்றது. மழைக்காலத்தில் அவை இன்றும் இயங்குவதைக் காணலாம். ஊற்றின் இரு மருங்கிலும் அகழி சூழ்ந்த திட்டுகளிற் கோடைகால மாளிகைகள் அமைந்திருந்தன.

இப்பொருளுக்கு மிக நெருங்கியது அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்ட சிறு நீர்ப்பூங்காவாகும். செங்கல்லாலும் சுண்ணாம்புக் கல்லாலும் ஆன மண்டபங்களைச் சுற்றிக் கூழாங்கற்களும் சலவைக்கற்களும் பதித்த ஆழங்குறைந்த நீர்ப்பரப்புகள் அங்குள்ளன. அவற்றின்மீது நீர் மெல்ல ஊர்ந்து செல்லுமாறு அமைக்கப்பட்டிருந்தது. இவ்வமைப்பு மண்டபங்களைக் குளிரூட்டுவதற்கும், அதனோடு காட்சிக்கும் செவிக்கும் இன்பம் பயப்பதற்கும் உதவியிருக்க வேண்டும் என்பது பண்டாரநாயக்கவின் கருத்து.

இக்கருத்து இவ்விடத்தின் காலநிலையோடும் பொருந்துகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரமிழந்த காற்றாக மறுபுறத்து உலர்வலயத்தில் இறங்குகின்றது. கிழக்கு மாகாணத்து மக்கள் கச்சான் என்று வழங்குவது இவ்வுலர்ந்த காற்றையேயாகும். உலர்ந்த காற்று நீர்ப்பரப்பைத் தழுவிச் செல்லும்போது நீர் விரைந்து ஆவியாகின்றது. ஒரு இலீற்றர் நீர் ஆவியாவதற்குச் சூழலிலிருந்து கவரும் வெப்பம், அதே நீரை ஒரு பாகை சூடாக்க வேண்டிய வெப்பத்திலும் ஐந்நூறு மடங்குக்கு மேற்பட்டதாகும். எனவே ஆழமான குளமொன்றிலும் பார்க்க, பரந்து ஆழங்குறைந்து மெல்லப் புதுப்பிக்கப்படும் நீர்ப்பரப்பே இத்தேவைக்குச் சாலப் பொருத்தமானது. அங்கு விசிறி பருவக்காற்று. வெப்பப் பரிமாற்றி கல் பதித்த நீர்ப்படுகை. வேகத்தைக் கட்டுப்படுத்தியது காலின் சரிவும் துளையின் அளவும்.

நீரை மெல்லச் செலுத்தும் இவ்வறிவு அரண்மனையில் திடீரெனத் தோன்றியதன்று. அது வயலிற் பிறந்த அறிவு. தாதுசேனன் கட்டுவித்த காலவாவியிலிருந்து அநுராதபுரத்துத் திசவாவிக்குச் செல்லும் ஜயகங்கை என்னும் கால் ஏறக்குறைய 87 கிலோமீற்றர் நீளமானது. அதன் முதல் 17 மைல் தூரத்தில் மைலுக்கு ஏறக்குறைய 6 அங்குலச் சரிவே அமைந்துள்ளது என்பர். சரிவு மிகின் நீர் கரையை அரிக்கும். குறையின் வண்டல் தங்கிக் கால் தூரும். உழவர் குடிகள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த இவ்வளவையே சீகிரியாவின் சிற்பிகள் மண்டபத்தின் ஓரத்திற்குச் சுருக்கிக் கொண்டுவந்தனர் எனலாம். அங்கு நீர் கண்ணுக்குத் தெரிந்தது. அதனைக் கொணர்ந்த கால் நிலத்துள் மறைந்தது. கால்களைத் தூர்வாரியோரின் பெயர்களைச் சூளவம்சம் கூறவில்லை.

தம்புள்ளையூடான பாதை

சீகிரியாவிலிருந்து தெற்கே சென்று மலைச்சாரலை அடையும்போது மாவட்டத்தின் காலநிலை மாறுகின்றது, வரலாறும் மாறுகின்றது. இவ்விரு பகுதிகளையும் இணைப்பது தம்புள்ளை, நாலந்தை ஆகிய இடங்களினூடாக மாத்தளைக்குச் செல்லும் வடபாதை. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு வேலை தேடி வந்த தென்னிந்தியத் தமிழர், மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாகக் கடந்து இப்பாதையாலேயே மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் நீரின்மையாலும் வழியிலே மாண்டோர் பலர். உலர்வலயத்தின் வெம்மையைத் தணிக்க அரசன் அமைத்த நீர்மண்டபங்கள் இப்பாதைக்கு அண்மையிலேயே காடுமண்டிக் கிடந்தன. வழிநடந்தோருக்குக் குடிக்க நல்ல நீரும் அரிதாகவே இருந்தது.

கோப்பிக் காலத்திலேயே காற்றை இயந்திரத்தால் ஆளும் முயற்சி இலங்கைத் தோட்டங்களில் தொடங்கிவிட்டது. இலங்கைக் கோப்பிப் பயிர்ச்செய்கையில் ஈடுபட்டிருந்த வில்லியம் கிளெரிஹியூ என்பவர், விசிறிகளால் வெப்பக்காற்றை இழுத்துக் கோப்பிக் கொட்டைகளை உலர்த்தும் முறையொன்றை அமைத்து, அதன் மாதிரியை 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் வைத்தார். கோப்பியை உலர்த்திச் சேமித்த கட்டடம் ‘ஸ்டோர்’ எனப்பட்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னரும் தோட்டத்து மக்கள் தொழிற்சாலையை ‘ஸ்டோர்’ என்றே வழங்கி வருகின்றனர். ஒரு பயிரின் காலம் மற்றொரு பயிரின் காலத்திற்குள் இச்சொல்லினூடாக வாழ்கின்றது.

1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபதாண்டுகளுக்குள் கோப்பியை வீழ்த்தியது. 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. எல்கடுவை, இறத்தோட்டை, கம்மடுவை முதலிய மலைப்பகுதிகளில் தேயிலை பரவியது, தொழிற்சாலைகளும் எழுந்தன.

தேயிலைத் தொழிற்சாலையின் விசிறி

பறித்த கொழுந்தின் நிறையில் ஏறக்குறைய முக்காற்பங்குக்கு மேல் நீரேயாகும். அந்நீரின் ஒரு பகுதியை மெல்ல அகற்றி இலையைத் துவளச் செய்தலே வாட்டுதல் எனப்படும். தேயிலை ஆக்கத்தின் முதற்படியும் பெரிதும் பொறுமை வேண்டுவதும் இதுவே. 12 தொடக்கம் 18 மணித்தியாலம் வரை இது நீடிக்கும். காற்று விரைந்து வீசினால் இலையின் மேற்பரப்பு காய்ந்து உட்பகுதி ஈரமாகவே இருக்கும். ஓரங்கள் கருகி நொறுங்கும். காற்றுத் தேங்கினாலோ இலை தன் வெப்பத்தாலேயே புழுங்கிச் சிவந்து கெடும். சீகிரியாவின் மண்டபத்தில் நீர் ஆவியாவது மனிதனைக் குளிர்விப்பதற்காக. இங்கு ஆவியாவது இலையிலுள்ள நீர். விதி ஒன்றே; காற்றின் வேகத்தையும் ஈரத்தையும் அறிந்து ஆள்வதே இரண்டிலும் கலை.

பழைய தொழிற்சாலைகள் பல மாடிகளையும் வரிசை வரிசையான சாளரங்களையும் கொண்டு எழுந்தமைக்குக் காரணம் இதுவே. மேன்மாடிகளிற் சணல் துணி போர்த்த தட்டுகள் அடுக்கடுக்காக அமைக்கப்பட்டு, அவற்றின்மீது கொழுந்து மெல்லிதாகப் பரப்பப்பட்டது. நல்ல வெயில் நாளில் சாளரங்களைத் திறந்துவிட்டால் மலைக்காற்றே போதுமானது. மழையும் பனிமூட்டமும் நிறைந்த நாட்களில், கீழ்த்தளத்து அடுப்பின் வெப்பக்காற்றைப் பெரிய விசிறிகள் மாடிகளினூடாக இழுத்தன. காற்றின் ஈரத்தை அறிய உலர்குமிழ் வெப்பமானியும் ஈரக்குமிழ் வெப்பமானியும் அருகருகே தொங்கவிடப்பட்டன. இரண்டும் காட்டும் அளவுகளுக்கு இடையிலான வேறுபாடு கூடினால் காற்று வறண்டது, குறைந்தால் ஈரமானது.

இவ்விசிறிகளை இயக்கிய வலுவும் தொடக்கத்தில் நீரிலிருந்தே பெறப்பட்டது. மலையோடைகளைத் திருப்பி நீர்ச்சில்லையும் பின்னர் நீர்ச்சுழலியையும் சுழற்றினர். நீராவிப் பொறியும் எண்ணெய்ப் பொறியும் அவற்றோடு சேர்ந்தன. கூரையின் கீழே ஓடிய நீண்ட அச்சொன்றிலிருந்து தோல்வார்கள் இறங்கி உருட்டும் இயந்திரம், உலர்த்தும் இயந்திரம், விசிறி ஆகிய அனைத்தையும் இயக்கின. அந்நாளில் விசிறியின் வேகத்தை மாற்ற வேண்டின், வாரை விட்டத்தில் வேறுபட்ட கப்பிக்கு மாற்ற வேண்டும்; அன்றேல் காற்றுவழியின் கதவைச் சிறிது அடைக்க வேண்டும். பின்னது எளிது, ஆயின் விசிறி முழுவேகத்திற் சுழல, அது தள்ளும் காற்றைக் கதவு மறிப்பது வலுவை வீணாக்குவதாகும்.

உலர்த்தும் இயந்திரத்தின் வரலாறு கணினியின் வரலாற்றோடு நேரே தொடர்புறுகின்றது. அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரைச் சேர்ந்த சாமுவேல் கிளிலன்ட் டேவிட்சன் 1864இல் இந்தியாவின் கச்சார்த் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்றவர். தேயிலை உலர்த்தும் முறையைச் சீர்ப்படுத்தும் பொருட்டு இயந்திரங்களை அமைத்து, சகாராப் பாலைநிலத்து வெப்பக்காற்றின் பெயரால் அவற்றிற்குச் ‘சிறொக்கோ’ எனப் பெயரிட்டார். 1881இல் பெல்பாஸ்ற்றில் அவர் தொடங்கிய தொழிற்சாலையின் இயந்திரங்கள் இலங்கைத் தோட்டங்களிலும் பரவின. உலர்த்திக்கு வேண்டிய காற்றைச் செலுத்தும் தேவையே அவரை விசிறி ஆய்விற்கு இட்டுச் சென்றது. பல சிறு அலகுகளை உருளை வடிவில், சுழலும் திசையை நோக்கி வளையுமாறு அடுக்கிய விசிறிக்கு அவர் 1898இற் காப்புரிமை பெற்றார். சிறிய உருவத்தில், தாழ்ந்த வேகத்திற் சுழன்று, மிகுந்த காற்றைச் செலுத்த வல்லது இது. கப்பல்களும் சுரங்கங்களும் இதனை ஏற்றன. மடிக்கணினிகளிலும் இவ்வகையைச் சேர்ந்த சிறு ஊதிகள் இன்று சுழல்கின்றன. ஜப்பானியர் இவ்வகை விசிறியை இன்றும் சிறொக்கோ என்றே அழைக்கின்றனர். தேயிலைக்காகப் பிறந்த விசிறி கணினிக்குள் குடிபுகுந்த வரலாறு இதுவாகும்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மாடித் தட்டுகளுக்குப் பதிலாக நீண்ட வாட்டுத் தொட்டிகள் வந்தன. கம்பிவலையின்மீது ஓர் அடிக்கு உட்பட்ட தடிப்பிற் கொழுந்து பரப்பப்பட, தொட்டியின் ஒரு முனையிலுள்ள விசிறி கீழிருந்து காற்றைச் செலுத்தியது. இடம் மிச்சமாயிற்று, வேலையாட்களும் குறைந்தனர், விசிறிகளின் இரைச்சலோ கூடிற்று. இவ்விசிறிகளை இயக்கும் தூண்டல் மோட்டாரின் வேகம் மின்வழங்கலின் மீடிறனோடு பிணைந்தது. இலங்கையில் அது 50 ஹேர்ட்ஸ் ஆகையால் விசிறி தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே வேகத்திலேயே சுழன்றது. இலையின் தேவையோ அவ்வாறன்று. தொடக்கத்தில் இலையின் மேற்பரப்பிலுள்ள ஈரத்தை அகற்ற மிகுந்த காற்று வேண்டும். வாடுந்தோறும் தேவை குறையும். மீடிறனை மாற்றி மோட்டாரின் வேகத்தை ஆளும் மின்னணுக் கருவிகள் இன்று தேயிலைத் தொழிற்சாலைகளிற் பொருத்தப்படுவது இதன்பொருட்டேயாகும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் வலுச் செலவு ஏறக்குறைய பாதியாகின்றது, இரைச்சலும் தணிகின்றது. கணினி விசிறியில் நிகழ்வதும் வாட்டுத் தொட்டியில் நிகழ்வதும் அளவால் வேறுபட்டனவேயன்றி வகையால் வேறுபட்டன அல்ல.

எனினும் கருவி தானாக எதனையும் அறிந்துவிடாது. போதிய அளவு வாடிய கொழுந்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் அது பந்தாகத் திரண்டு, கையை விரித்ததும் மெல்ல விரியும். தண்டை வளைத்தால் முறியாது வளையும். பச்சை வாடை நீங்கிப் பழமணம் எழும். இவற்றை ஒருங்கே உணர்ந்து விசிறியைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் தீர்மானித்தவர்கள் டீமேக்கரும் இரவு முழுவதும் விழித்திருந்த ஸ்டோர்த் தொழிலாளருமேயாவர். இலையின் நிலையை அறியும் உணர்கருவியாக நின்றது அவர்களது கை.

அமைதி யாருக்கு?

இவ்விரு வரலாறுகளையும் இணைத்து நோக்குமிடத்து எழும் வினா ஒன்றுண்டு. வெம்மையையும் இரைச்சலையும் நீக்கிய இவ்வறிவு யாருக்கு அமைதியை அளித்தது? சீகிரியாவில் அது அரசனுக்கும் அவன் சுற்றத்துக்கும் உரியதாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சியில் நீதிமன்றங்களிலும் பெரிய மாளிகைகளிலும் கூரையிலிருந்து தொங்கிய பங்காவைக் கயிற்றால் இழுத்தவன் சுவருக்கு அப்பால், வெளித்தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தான். காற்று உள்ளே, களைப்பு வெளியே. ஓசையெழாது இழுக்க வேண்டும் என்பதே அவனுக்கு இடப்பட்ட கட்டளை. இழுத்தவனுக்கு அக்காற்றில் ஒரு மூச்சும் கிட்டவில்லை.

பெருந்தோட்டத்தில் இம்முரண்பாடு இன்னும் கூர்மையடைந்தது. கொழுந்து புழுங்காதிருக்கும் பொருட்டு மாடிகள் தோறும் சாளரங்கள் அமைக்கப்பட்டன. ஈரக்குமிழ் வெப்பமானி தொங்கவிடப்பட்டது. காற்று எவ்வளவு, எத்திசையில், எத்தனை மணிநேரம் என்பன கணிக்கப்பட்டன. அக்கொழுந்தைப் பறித்தோர் வாழ்ந்த லயங்களோ பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவான அறைகளாலானவை. அவற்றுட் பல, இரு வரிசைகள் ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்து நிற்கும் இரட்டை லயங்கள். ஆகவே ஒருபுறம் புகுந்த காற்று மறுபுறம் வெளியேற வழியில்லை. சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் நோயும் அந்த ஓரறைக்குள்ளேயே நிகழ்ந்தன. அடுப்புப் புகை வெளியேற வழியின்றி உள்ளேயே சுழன்றது. காற்றோட்டம் பற்றிய அறிவு இல்லாமையால் இவ்வாறு நேர்ந்தது எனக் கூறுதல் இயலாது. அதே தோட்டத்தில், கூப்பிடு தூரத்தில், அவ்வறிவு நுட்பமாகக் கையாளப்பட்டுக்கொண்டிருந்தது. அது இலைக்கு வழங்கப்பட்டது. இலையைப் பறித்த கைக்கு மறுக்கப்பட்டது. காரணம் எளிது. வாடிக் கெட்ட இலைக்கு ஏலச் சந்தையில் விலை குறையும். புழுங்கிக் கிடந்த தொழிலாளிக்கு அவ்வாறான விலைக் கணக்கு எதுவும் இருக்கவில்லை.

1975இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கொம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இடைக்காலத்திலும் அதன் பின்னரும் தனி வீடுகள் கட்டப்பட்டுள்ளனவாயினும் லயங்கள் மறைந்தொழியவில்லை. காற்றுக்கு வழி கேட்கும் கோரிக்கை இன்றும் உயிருடன் இருக்கின்றது.

தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் கருத்தூன்ற வேண்டிய இடமும் இதுவாகும். எக்கருவி எப்போது வந்தது, யார் கண்டுபிடித்தார் என்பவற்றோடு அவ்வரலாறு நின்றுவிடுதல் போதாது. கருவியின் பயன் எங்கே சென்று நின்றது என்பதையும் அது கூற வேண்டும். டேவிட்சனின் பெயர் காப்புரிமைப் பதிவேட்டில் உண்டு. காசியப்பனின் பெயர் சூளவம்சத்தில் உண்டு. துளைக்கல்லின் வண்டலை அகற்றியவனும் நள்ளிரவிற் கொழுந்தைக் கையில் அழுத்திப் பார்த்து விசிறியை நிறுத்தியவனும் பெயரின்றி மறைந்தனர்.

செய்யத்தக்கது

சீகிரியா 1982இல் உலக மரபுரிமைச் சின்னமாகப் பிரகடனப்படுத்தப்பட்டமையால் அதன் நீர்ப்பூங்கா பேணப்படுகின்றது. அங்கிருந்து கிட்டிய தொலைவில், காண்டலமைக் குளத்தருகே, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த விடுதி 1990களின் நடுப்பகுதியில் திறக்கப்பட்டது. மலையோரத்தைத் தழுவிச் செல்லும் அதன் திறந்த நடைகூடங்களினூடாக இயற்கைக் காற்றே உலாவுகின்றது. பழைய குளிரூட்டற் கலை அழிந்துபோன ஒன்றன்று என்பதற்கு அது சான்று.

தேயிலைத் தொழிற்சாலைகளின் நிலை வேறு. நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளையில் மூடப்பட்ட தொழிற்சாலையொன்று 1990களில் உல்லாச விடுதியாக மாற்றப்பட்டது. கொழுந்து வாடிய மாடிகள் விருந்தினர் துயிலும் அறைகளாயின. பழைய விசிறிகள் காட்சிப்பொருளாயின. கண்டி ஹந்தானையில் 1925இற் கட்டப்பட்ட தொழிற்சாலை தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. இயந்திரங்களைப் பேணுதல் வரவேற்கத்தக்கதே. ஆயினும் இயந்திரத்தின் அருகே நின்றோரின் அறிவை நூதனசாலைப் பேழைக்குள் வைத்தல் இயலாது. எத்தகைய நாளில் எந்தச் சாளரத்தைத் திறப்பது, விசிறியின் ஓசை எவ்வாறு மாறினால் அச்சில் எண்ணெய் வற்றியதென அறிவது, இலையின் மணம் எப்போது மாறும் என்பன வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் கைமாறிய அறிவு. மின்னணுக் கருவிகள் அவ்வேலையை ஏற்கத் தொடங்கியுள்ள இக்காலத்தில், அதனை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து மாணவர் பலர் இன்று பல்கலைக்கழகங்களுக்கு வருகின்றனர். அவர்தம் பாட்டன்மாரிடமும் தாய்மாரிடமும் இவ்வறிவு எஞ்சியிருக்கின்றது. அதனைக் கேட்டுப் பதிவுசெய்தல் வரலாற்றுத் துறையினருக்கும் பொறியியற் துறையினருக்கும் தமிழ்த்துறையினருக்கும் பொதுவான கடன். தொழிற்சாலையில் வழங்கிய சொற்களைத் தொகுத்தல், விசிறியும் வாரும் அச்சும் இருந்த அமைப்பை வரைபடமாக்குதல், இரவு வேலை செய்தோரின் கூற்றுகளை ஒலிப்பதிவு செய்தல் ஆகியன பெரும் பொருட்செலவு வேண்டாத பணிகள். அவை நிறைவேறினால், இம்மாவட்டத்தின் நீரையும் காற்றையும் ஆண்டவர் வரிசையில் காசியப்பனுக்கும் டேவிட்சனுக்கும் அருகே இறத்தோட்டையிலும் எல்கடுவையிலும் கொழுந்து வாட்டியோரின் பெயர்களும் எழுதப்படும்.